நாற்பதுக்குள் அறுபது எப்படிப் போகும்?

“காசு கட்டினா போட்டுடுவாங்க சார், அதையெல்லாம் போய் உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருக்கீங்க” என்றார் நண்பர். உயிரியல் ஆய்வகத்தில் சில காலம் இருந்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர், அதனால் இந்த மாதிரி விஷயத்தில் அவர் சொன்னால் சட்டென்று தள்ளிவிட முடியாது. நான் படித்துக்கொண்டிருந்தவை பப்ளிக் லைப்ரரி ஆஃப் சயின்ஸ், சுருக்கமாக பிளாஸ், நடத்தும் இதழ்களில் வந்த எச்.ஐ.வி. கட்டுரைகள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம், செலவு எழுதுகிறவர் தலையில். இந்த ஏற்பாட்டைத்தான் அவர் ஒரே வரியில் கவிழ்த்தார். எனக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம், அதில் பாதி உண்மை இருந்ததுதான். முழுப் பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அந்தக் கட்டுரைகளைத் தேடிப் போனதற்கு ஒரு சின்னக் கணக்கு காரணம். எச்.ஐ.வி.யின் மரபுப்பொருள் கூம்பு வடிவிலான ஒரு புரதக் கூட்டுக்குள் இருக்கிறது. கேப்சிட் என்பார்கள். நீளம் சுமார் 120 நானோமீட்டர், அகன்ற பக்கத்தில் குறுக்களவு சுமார் 60. வைரஸ் தன் மரபணுவை நம் டி.என்.ஏ.வோடு ஒட்டவைக்க வேண்டுமென்றால் செல்லின் உட்கருவுக்குள் போக வேண்டும், அதற்கு இருக்கிற வழி உட்கருச் சவ்விலுள்ள துளைகள். அந்தத் துளையின் நடு வழி சுமார் 40 நானோமீட்டர் என்றுதான் ரொம்ப காலம் எழுதப்பட்டிருந்தது. பாடப்புத்தகப் படத்தில் இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது. வைரஸ் உள்ளே நுழையும், கூடு சைட்டோபிளாசத்திலேயே, அதாவது செல்லுக்குள் உட்கருவுக்கு வெளியே இருக்கும் பகுதியிலேயே, கரைந்துபோகும், மிச்சம் இருக்கும் நூல்கண்டு மாதிரியான ஒன்று அம்புக்குறி வழியாக உட்கருவுக்குள் போகும். அழகான படம். ஆனால் பிந்தைய ஆய்வுகள் கூடு உட்கருவுக்குள்ளேயே போகிறது என்கின்றன. அப்படியானால் பழைய படத்தை இத்தனை பேர் எதை வைத்து நம்பினார்கள்? இந்தக் கேள்விதான் என்னை விடவில்லை.

நான்கு சந்தேக நபர்கள்

சுண்டெலிகளில் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும், எச்.ஐ.வி.க்கு உறவான எம்.எல்.வி. என்ற ரெட்ரோவைரஸ் இருக்கிறது. அதற்கு உட்கருத் துளையால் பயனில்லை. செல் பிரியும்போது உட்கருச் சவ்வு கலைந்துபோகுமல்லவா, அதுவரை காத்திருந்து அந்த நேரத்தில் உள்ளே நழுவும். செல் பிரியாவிட்டால் எம்.எல்.வி.க்கு வேலை இல்லை. எச்.ஐ.வி. அப்படிக் காத்திருப்பதில்லை. பிரிவதையே நிறுத்திவிட்ட செல்களையும் அது தொற்றுகிறது என்று 1990களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். அப்படியென்றால் மூடிய சவ்வைத் தாண்ட அதனிடம் ஒரு அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். யார் கையில் இருக்கிறது அந்தச் சீட்டு?

முதலில் மாட்ரிக்ஸ் புரதம் என்றார்கள். அப்புறம் வி.பி.ஆர். என்ற சின்னப் புரதம். அப்புறம் வைரஸ் மரபணுவை நம் டி.என்.ஏ.வில் சொருகும் இன்டகிரேஸ் நொதி. 2000இல், வைரஸ் டி.என்.ஏ.வின் நடுவில் உண்டாகும் மூன்று இழை மடிப்பு ஒன்று நான்காவதாகச் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாகக் கட்டுரைகள் வந்தன, ஒவ்வொன்றையும் நீக்கிப் பார்த்து “இல்லாமலும் போகிறதே” என்று வேறு கட்டுரைகளும் வந்தன. இந்த நிலையில் ஒரு துறை வழக்கமாக என்ன செய்யும்? எல்லோரையும் சமாதானப்படுத்தும். நான்குமே சீட்டு வைத்திருக்கின்றன, ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்ற விளக்கம் வந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாதிரி விளக்கத்தை எந்த ஒரு சோதனையாலும் சாய்க்க முடியாது. எதை நீக்கினாலும் “மற்ற மூன்றும் இருக்கின்றனவே” என்று பதில் தயாராக இருக்கும். எனக்குத் தனிப்பட்ட முறையில் இப்படிப்பட்ட விளக்கங்கள் மேல் நம்பிக்கை குறைவு.

எல்லாவற்றையும் பிடுங்கிய கட்டுரை

இந்த முடிச்சை அவிழ்த்தது 2005இல் பிளாஸ் பத்தோஜன்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை. அந்த இதழ் தொடங்கிய வருடமே அதுதான். எழுதியவர்கள் மசாஹிரோ யமஷிதா, மைக்கேல் எமர்மன். சியாட்டிலில் உள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் செய்தது கிட்டத்தட்ட பிடிவாதம் என்றே சொல்லலாம். எச்.ஐ.வி.யின் இன்டகிரேஸை முழுசாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எம்.எல்.வி.யின் இன்டகிரேஸை வைத்தார்கள். எம்.எல்.வி.தான் பிரியாத செல்லுக்குள் போக முடியாத வைரஸ் ஆயிற்றே, அதன் நொதியிடம் சீட்டு இருக்க வாய்ப்பில்லை. அதோடு விடவில்லை. அதே கலப்பு வைரஸில் மாட்ரிக்ஸின் சமிக்ஞையையும் எடுத்தார்கள், வி.பி.ஆர்.ஐயும் எடுத்தார்கள், நடு மடிப்பை உண்டாக்கும் பகுதியையும் எடுத்தார்கள். நான்கு பேரும் வெளியே.

கலப்பு வைரஸ் நோஞ்சானாகத்தான் இருந்தது, தொற்றும் திறன் குறைவு. அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் முக்கியமான ஒப்பீடு வேறு. அந்த நோஞ்சான் வைரஸ் பிரியும் செல்களை எவ்வளவு தொற்றியதோ, பிரியாத செல்களையும் அதே அளவு தொற்றியது. ஆக, எந்தச் சேர்க்கையில் எடுத்துப் பார்த்தாலும் அந்த நான்கில் எதுவும் அவசியம் இல்லை. ஒரு சோதனையாலும் சாய்க்க முடியாது என்றிருந்த விளக்கம், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் நீக்கியதும் சாய்ந்துவிட்டது.

இந்தக் கட்டுரையை நான் திரும்பத் திரும்பப் படித்ததற்குக் காரணம், அதில் கண்டுபிடிப்பு என்று கொண்டாட ஒன்றுமே இல்லை. “இவை அல்ல” என்பதுதான் முடிவு. இப்படிப்பட்ட முடிவுகளுக்குத் தலைப்புச் செய்தி கிடையாது, எழுதியவருக்குப் பெரிய பெயரும் வராது. ஆனால் அதற்கு முந்தைய வருடம் இதே இருவரும் வேறோர் இதழில் ஒரு குறிப்பைக் கொடுத்திருந்தார்கள். எச்.ஐ.வி.யின் கேப்சிட்டை எடுத்துவிட்டு எம்.எல்.வி.யின் கேப்சிட்டை வைத்தால், எச்.ஐ.வி. பிரியாத செல்லைத் தொற்றும் திறனை இழந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும்: சந்தேக நபர்கள் நால்வரையும் வெளியேற்றியும் ஒன்றும் ஆகவில்லை, யாரும் சந்தேகிக்காத கூட்டை மாற்றியதும் கதவு சாத்திக்கொள்கிறது. 2007இல் அதே பிளாஸ் பத்தோஜன்ஸில் மூன்றாவது அடி. கேப்சிட் புரதத்தில் ஓரிரு அமினோ அமிலங்களை மாற்றினாலே போதும், எச்.ஐ.வி.யும் செல் பிரிவதற்காகக் காத்திருக்க வேண்டியதாகிவிடுகிறது.

சரி, ஆனால் கேப்சிட்தான் சைட்டோபிளாசத்திலேயே கரைந்துவிடுகிறதே? கரைந்துபோன ஒன்று எப்படி வாசலில் சீட்டைக் காட்டும்?

இரண்டு அளவுகள், இரண்டும் செல்லுக்கு வெளியே

கூடு சீக்கிரமே கரைகிறது என்ற நம்பிக்கை எதன் மேல் நின்றது என்று பார்க்கப் போனால் கொஞ்சம் திகைப்பாக இருக்கிறது. தொற்றிய செல்லை உடைத்து, சோப்பு போன்ற கரைப்பான்களில் ஊறவைத்து, மையவிலக்குக் கருவியில் சுழற்றி, வைரஸ் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டிருப்பவை எவை என்று தேடினார்கள். இன்டகிரேஸ் இருந்தது, வி.பி.ஆர். இருந்தது, மாட்ரிக்ஸும் கொஞ்சம் இருந்தது. கேப்சிட் பெரும்பாலும் காணவில்லை. ஆகவே அது முன்பே போய்விட்டது என்று முடிவு. கேப்சிட் என்பது ஒரே புரதத்தின் சுமார் 1,500 பிரதிகள் ஒன்றையொன்று லேசாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூடு. சுமார் 250 அறுகோணங்கள், மூடிக்கொள்வதற்குச் சரியாக 12 ஐங்கோணங்கள். நம் செல்லில் சாதாரணமாக இருக்கும் ஐ.பி.6 என்ற சின்ன மூலக்கூறு உள்ளே உட்கார்ந்து அதை நிலையாக வைக்கிறது என்பது 2018இல்தான் தெளிவாகத் தெரிந்தது. செல்லை உடைத்துக் கரைசலை ஊற்றினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். கூடு செல்லுக்குள் கரைந்ததா, குழாய்க்குள் கரைந்ததா என்பதை அந்த முறையால் பிரித்துச் சொல்லவே முடியாது.

அடுத்தது 40 என்ற எண். அதுவும் பெரும்பாலும் செல்லிலிருந்து பிரித்தெடுத்த உட்கருச் சவ்வில் அளந்தது. உயிருள்ள செல்லில் அந்தச் சவ்வு இழுவிசையில் இருக்கிறது, அதில் பதிந்திருக்கும் துளையும் விரிந்து நிற்கிறது. சவ்வைப் பிய்த்து வெளியே எடுத்ததும் இழுவிசை போய், துளை சுருங்கிவிடுகிறது. ஜெர்மனியில் ஹான்ஸ் கியோர்க் கிரோய்ஸ்லிஷ், மார்ட்டின் பெக் ஆகியோரின் குழுக்கள் தொற்றிய டி செல்களை (ஒரு வகை வெள்ளை அணு) உடைக்காமல் அப்படியே உறையவைத்து, மெல்லிய சீவலாக்கி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் முப்பரிமாணமாகப் பார்த்தார்கள். 2021இல் வெளிவந்த அந்த ஆய்வில் துளையின் விட்டம் சுமார் 64 நானோமீட்டர். கூம்பு கலையாமல், குறுகிய முனை முன்னால் இருக்க, துளைக்குள்ளேயே இருக்கும் படங்களும் கிடைத்தன. அதற்கு முந்தைய வருடமே அமெரிக்காவில் வினய் பதக், வெய் ஷௌ ஹூ குழுவினர் கேப்சிட்டில் ஒளிரும் புரதத்தைக் கோத்துப் பின்தொடர்ந்து, கூடு உடைவது உட்கருவுக்குள்ளே, வைரஸ் ஒட்டிக்கொள்ளப் போகும் இடத்துக்குப் பக்கத்தில்தான் என்று காட்டியிருந்தார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. கூடு கரைந்துவிடுகிறது என்பதற்குச் சாட்சி, துளை சிறியது. துளை சிறியதாக இருந்தும் யாரும் கவலைப்படாததற்குக் காரணம், கூடுதான் கரைந்துவிடுகிறதே. இரண்டு அளவுகளும் தனித்தனி ஆய்வகங்களில், தனித்தனித் துறைகளில் எடுக்கப்பட்டவை, யாரும் ஏமாற்றவில்லை, யாரும் கவனக்குறைவாக இல்லை. இரண்டும் செல்லை உடைத்து எடுக்கப்பட்டவை, அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று பிணை கொடுத்துக்கொண்டு இரண்டும் பல வருடம் நின்றன.

யோசித்தால் கூட்டைக் கழற்றாமல் வைத்திருப்பதில் வைரஸுக்கு வெளிப்படையான லாபமும் இருக்கிறது. சைட்டோபிளாசத்தில் டி.என்.ஏ. கிடந்தால் அதை மோப்பம் பிடித்து அலாரம் அடிக்க சி-காஸ் என்ற நொதி இருக்கிறது. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் வேலையை வெட்டவெளியில் செய்தால் மாட்டிக்கொள்ளும். மூடிய கூட்டுக்குள் செய்தால் பிரச்சினை இல்லை, மூலப்பொருளான நியூக்ளியோடைடுகள் கூட்டின் அறுகோணங்களில் இருக்கும் நுண்துளை வழியாக வந்துவிடுகின்றன.

இனி அகலம் ஒரு பிரச்சினை இல்லை என்று நினைத்தால், துளை வெறும் ஓட்டையும் இல்லை. சுமார் முப்பது வகைப் புரதங்களின் பல நூறு பிரதிகள் சேர்ந்து கட்டியது. நடுவில் எஃப்.ஜி. என்ற இரட்டை அமினோ அமிலம் திரும்பத் திரும்ப வரும் நீளமான புரத இழைகள் பின்னிக்கொண்டு அடைத்து நிற்கின்றன. சின்னப் புரதங்கள் ஊடுருவிவிடும், பெரியவை தனியாகப் போக முடியாது. அவற்றைக் கூட்டிக்கொண்டு போக இம்போர்ட்டின் போன்ற கடத்திப் புரதங்கள் வேண்டும். நெரிசலான கூட்டத்தில் முன்னால் போக வேண்டுமானால், வழியில் நிற்கிற ஒவ்வொருவரையும் லேசாகத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் யாரும் கையைப் பிடித்து நிறுத்திப் பேசும் அளவுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. கடத்திகள் அப்படித்தான் போகின்றன. கேப்சிட் எந்தக் கடத்தியின் முதுகில் ஏறுகிறது என்று வெகுநாள் தேடினார்கள். டி.என்.பி.ஓ.3 என்ற கடத்தி மேல் நிறைய சந்தேகம் இருந்தது. 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் ஒரே சமயத்தில் வந்த இரண்டு கட்டுரைகள் (ஒன்றில் எம்.ஐ.டி.யின் தாமஸ் ஷ்வார்ட்ஸ், கோட்டிங்கனின் டிர்க் கோர்லிஷ், மற்றதில் ஆஸ்திரேலியாவின் டேவிட் ஜாக்ஸ், டில் பாக்கிங்) அந்தத் தேடலையே திருப்பிப்போட்டன. கேப்சிட் எதன் முதுகிலும் ஏற வேண்டியதில்லை, அதுவே கடத்தி மாதிரி நடந்துகொள்கிறது. அதன் மேற்பரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னப் பள்ளங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு எஃப்.ஜி. போய் உட்காரலாம். வேறு துணையே இல்லாமல், ஆய்வகத்தில் தயாரித்த எஃப்.ஜி. கூழுக்குள் கேப்சிட் தானாகப் புகுந்தது.

ஆனாலும் எல்லா செல்களிலும் சுமுகமாக நடப்பதாகத் தெரியவில்லை. பெக் குழுவினர் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களை வைத்துச் செய்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், கேப்சிட் புகும்போது சில துளைகளின் வளையச் சட்டமே விரிசல் விட்டிருந்தது.

அந்தப் பொது நூலகம் பற்றி

நண்பரின் வாக்கியத்துக்கு வருகிறேன். பிளாஸ் 2000இல் ஒரு திறந்த கடிதமாகத்தான் ஆரம்பித்தது. ஹரால்ட் வார்மஸ், பேட்ரிக் பிரவுன், மைக்கேல் ஐசன் மூவரும் முன்னெடுத்தது. வெளியான ஆறு மாதத்துக்குள் கட்டுரைகளைப் பொதுவில் வைக்காத இதழ்களுக்கு எழுத மாட்டோம், மதிப்பீடு செய்ய மாட்டோம் என்று சுமார் 34,000 விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டார்கள். பதிப்பகங்கள் பெரிதாக அசையவில்லை, கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலானவர்களும் பழைய இதழ்களுக்கே எழுதிக்கொண்டிருந்தார்கள் (கையெழுத்துப் போடுவது சுலபம், வேலை உயர்வுக்குப் பெரிய இதழின் பெயர் வேண்டும்). வேறு வழியில்லாமல் 2003இல் சொந்தமாகவே இதழ் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் ஒரு கட்டுரைக்கு 1,500 டாலர், ஆசிரியர் தரப்பு கட்ட வேண்டும்.

2006இல் வந்த பிளாஸ் ஒன் தான் நண்பர் மனதில் இருந்தது என்று நினைக்கிறேன். முக்கியமானதா, புதுசா என்று பார்க்காமல், செய்த முறை சரியா என்று மட்டும் பார்த்துப் போடும் இதழ். 2013இல் ஒரே வருடத்தில் 31,000க்கும் மேல் கட்டுரைகள். அந்த மாதிரியைப் பார்த்து மற்ற பதிப்பகங்களும் இறங்கின, அவற்றில் சில உண்மையிலேயே காசு கட்டினால் போடுபவைதான். கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது. படிப்பவருக்குக் கதவைத் திறந்துவிட்டு எழுதுபவருக்குச் சாத்தியிருக்கிறார்கள் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். நிதி இல்லாத சின்ன ஆய்வகம் கட்டண விலக்கு கேட்டு நிற்பது நல்ல ஏற்பாடு இல்லை. அதை உணர்ந்துதானோ என்னவோ, பிளாஸே 2020இல் பயாலஜி, மெடிசின் இதழ்களுக்கு நிறுவனங்கள் சேர்ந்து செலவைப் பகிரும் முறை ஒன்றைத் தொடங்கியது.

ஆனால் நண்பர் ஒன்றைத் தவறவிட்டார். எச்.ஐ.வி. உட்கரு நுழைவு பற்றிய கட்டுரைகளை வரிசையாக அடுக்கினால், நேச்சர், செல் போன்ற பெரிய இதழ்கள் அறிவித்த முடிவுகளுக்கு நடுவில் படிக்கட்டாக இருப்பவற்றில் கணிசமானவை பிளாஸ் பத்தோஜன்ஸில் கிடக்கின்றன. 2005, 2007 கட்டுரைகள் போக, சைக்ளோஃபிலின் என்ற நம் செல் புரதம் கேப்சிட்டோடு சேர்வது நுழையும் வழியையே மாற்றுகிறது என்ற 2011 கட்டுரை, நியூப்153 என்ற துளைப் புரதத்தின் எஃப்.ஜி. கேப்சிட்டின் ஒரு குறிப்பிட்ட பள்ளத்தில் உட்காருகிறது என்ற 2013 கட்டுரை. சந்தா இல்லாத என்னைப் போன்ற ஆள் இந்த வாதம் எப்படி வளைந்து திரும்பியது என்று இடைப்பட்ட படிகளோடு பார்க்க முடிந்தது இதனால்தான். முடிவை மட்டும் தெரிந்துகொள்ள செய்திக் குறிப்பு போதும். ஒரு நம்பிக்கை எந்த இடத்தில் விரிசல் விட்டது என்று பார்க்க அந்த “இவை அல்ல” கட்டுரைகள் வேண்டும், அவற்றை யாரும் செய்திக் குறிப்பாக வெளியிடுவதில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2025 ஜூலை முதல், தங்கள் நிதியில் எழுதப்படும் கட்டுரைகளை வெளியான அன்றே பொதுவில் வைக்கச் சொல்லிவிட்டன. நல்லது. ஆனால் பழைய கட்டுரைகளில் எத்தனையோ இன்னும் சந்தாச் சுவருக்குப் பின்னால்தான்.

அந்தப் பள்ளம்

2013 கட்டுரையில் வரும் பள்ளத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 2010இல் ஃபைசர் ஆய்வாளர்கள் கேப்சிட்டில் ஒட்டிக்கொண்டு வைரஸைத் தடுக்கும் பி.எஃப்.74 என்ற சின்ன மூலக்கூறைப் பற்றி எழுதினார்கள், அதுவும் பிளாஸ் பத்தோஜன்ஸில். உடலில் சீக்கிரம் சிதைந்துபோவதால் மருந்தாகவில்லை. அது உட்காரும் இடம், பின்னால் நியூப்153க்கும், உட்கருவுக்குள்ளிருந்து கேப்சிட்டை இழுக்கும் சி.பி.எஸ்.எஃப்.6 என்ற நம் செல் புரதத்துக்கும் பொதுவான இடம் என்று தெரிந்த அதே பள்ளம். கிலியட் நிறுவனத்தின் லெனகாபவிர் மருந்தும் அங்கேதான் போய் உட்காருகிறது, பல மடங்கு இறுக்கமாக. வைரஸின் வாசல் சீட்டை அப்படியே மூடிவிடுவதோடு, கூட்டையும் விறைக்கவைத்து நேரம் தவறி உடையச் செய்கிறது. வருடத்துக்கு இரண்டு ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்து 2024இல் முடிவு வெளியான தடுப்புச் சோதனையில் இந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அதற்கடுத்த சோதனையில், பெரும்பாலும் ஆண்கள், 2,179 பேரில் இரண்டு பேருக்கு வந்தது.

அந்த இரண்டு பேரின் வைரஸிலும் என்.74.டி என்ற மாற்றம் இருந்தது. கேப்சிட் புரதத்தின் 74ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும். இது 2010லேயே தெரிந்த மாற்றம். சி.பி.எஸ்.எஃப்.6இன் வெட்டப்பட்ட ஒரு வடிவம் எச்.ஐ.வி.யைத் தடுப்பதைக் கண்டு, அதற்குத் தப்பும் வைரஸைத் தேடியபோது ஆய்வகத் தட்டில் கிடைத்தது அது. அந்த மாற்றம் உள்ள வைரஸ் பழைய துணைகளை விட்டுவிட்டு வேறு துளைப் புரதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கருவுக்குள் போகிறது. அதே பள்ளத்தில் 66ஆவது இடம் மாறினால் மருந்திலிருந்து இன்னும் நன்றாகத் தப்பலாம், ஆனால் அப்படித் தப்பும் வைரஸ் பெருகவே திணறுகிறது.